பாதை நிலை: சரியில்லை

உந்தத் தண்ணிக் கானைக் கொஞ்சம் அங்கால தள்ளுங்கோ பிள்ளை, என்ர காலில ஏறி நிக்குது. இல்லை இல்லை, கோவமில்லை. இருபது லீற்றரே? பின்ன பாரம் இருக்கும்தானே. என்ர மடியில கிடக்கிற பெட்டிக்காகத்தான் சொல்லுறன். உள்ளுக்குத் தண்ணி வடிகட்டி, பீங்கான். இந்த றோட்டில பஸ் ஒரு குலுக்குக் குலுக்கினால் சில்லுச் சில்லாப் போயிடும்.

நீங்கள் கொன்றைமடுவுக்கோ? நானும் அங்கதான். பதினொரு வருசத்துக்குப் பிறகு போறன். மேல கம்பியைப் பிடிச்சுக்கொண்டு இருங்கோ பிள்ளை, இது சரியில்லாத றோட்டு. இப்ப நல்லாத்தான் போகுது, அதை நம்பாதேங்கோ. இனித்தான் மோசமான இடம் வரும்.

எனக்குத் தெரியாத றோட்டே? பதினாலு வருசம் என்.ஜி.ஓவில சாரதி. பரஞ்சோதி எண்டால் அரசாங்கக் கச்சேரி வாசல் காவல்காரனுக்கும் தெரியும். எந்த நிறுவனம் எண்டு கேக்காதேங்கோ, உப்பிட்டவரை உள்ளளவும் நினை எண்டு சொல்லியிருக்கு. போன மாசம் மூடிக்கொண்டு போட்டினம். மூடுறதுக்கு முதல் அவை செய்த கடைசிக் கூத்தைத்தான் உங்களுக்குச் சொல்லவேணும். ஒரு மணித்தியால ஓட்டம்தானே, கேட்டுக்கொண்டு வாங்கோ.

மாசி மாசம் வெளிநாட்டில இருந்து ஒரு அம்மா வந்தவ. இங்றிட் எண்டு பேர். ஆறடி உயரம், வாகனத்துக்குள்ள ஏத்துறதெண்டால் மடிச்சுத்தான் ஏத்தவேணும். என்ன வேலைக்கு வந்தவ எண்டு நினைக்கிறியள்? கேக்கிறதுக்கு. வேற ஒண்டுமில்லை, கேக்கிறதுக்கு. 'உள்ளூர்ப் பணியாளர்களின் கருத்துகளைச் செவிமடுத்தல்' எண்டு எட்டடியில பானர் அடிச்சவை. இவ்வளவு வருசமும் பக்கத்து அறையில இருந்து நாங்கள் கத்தினது கேக்கேல்லை, இப்ப பிளேன் பிடிச்சு வந்து கேக்கினமாம். சரி, கேக்கட்டும். அந்தப் பானரை ஏணி வச்சுக் கட்டினது ஆர்? நான்தான். கட்டிப்போட்டு இறங்கி, உள்ளுக்குப் போய் ஒரு கதிரையில இருப்பமெண்டால், சுதாகரன் வாறான். கண்காணிப்பு உத்தியோகத்தர். நேற்றுப் படிச்சு முடிச்சு வந்த பெடியன். 'அண்ணை, இது பணியாளருக்கு' எண்டுறான். அப்ப நான் ஆர்? வாகனத்தோட வந்த உதிரிப்பாகமோ?

சிரிக்கிறியள். எனக்கு அண்டைக்கு வயிறு எரிஞ்சது பிள்ளை. மத்தியானம் ஒரு சாப்பாட்டுப் பாசல் வெளியில வந்தது. அதிலயும் முட்டை இல்லை.

நான் விட்டனே? யன்னலுக்குக் கீழ வாகனத்தை நிப்பாட்டிப்போட்டு, உள்ள நடந்தது எல்லாத்தையும் கேட்டனான். ஆளுக்கு ரண்டு நிறத்தில கடதாசித் துண்டு. மஞ்சளில கவலையை எழுதவேணும், பச்சையில ஆசையை எழுதவேணும். எழுதிச் சுவரில ஒட்டவேணும். சுதாகரன் ஒருத்தனே ஒன்பது மஞ்சள் ஒட்டினவன். அவனுக்கு என்ன கவலை? கலியாணமும் கட்டேல்லை.

பிறகு அந்த அம்மா ஒரு கேள்வி கேட்டா. 'தேக்கங்கேணிக்கு எல்லாம் போயிருக்கு. கொன்றைமடுவுக்கு ஏன் ஒண்டும் போகேல்லை?'

தேக்கங்கேணி தெரியும்தானே, சந்தியில வலப்பக்கம் திரும்பினால். இடப்பக்கம் கொன்றைமடு. வலப்பக்கத்துச் சனத்துக்கு அடிச்ச யோகத்தைச் சொன்னால் நம்பமாட்டியள். வீட்டுக்கு மூண்டு கக்கூசு. மூண்டு நாடு குடுத்தது. ஒண்டில மனிசர் போறது, ஒண்டில விறகு, மற்றதில கோழி அடைகாக்குது. ஆடு குடுத்தவை. ஒரே ஆட்டை மூண்டு வருசம் மூண்டு பேர்ப்பலகைக்கு முன்னால நிப்பாட்டிப் படம் எடுத்திருக்கினம். அந்த ஆடு பிறகு கமராவைக் கண்டால் தானே வந்து நிக்கும். சிறுவர் சறுக்குமரம், நூல்நிலையம், மன ஆறுதலுக்கு மேளம் அடிக்கிற வகுப்பு. நாலு குழாய்க்கிணறு! எல்லாத்துக்கும் மேல அங்க பரமேசக்கான்ர தேத்தண்ணிக்கடை. உழுந்துவடை சுட்டாவெண்டால் சந்தி வரைக்கும் மணக்கும். நான் வடைக்காக அங்க போனனான் எண்டு சொல்லாதேங்கோ. போனால் தின்னாமல் வரேலாது, அவ்வளவுதான்.

கொன்றைமடுவுக்கு ஒரு வாளியும் போகேல்லை. ஏன் எண்டு அந்த அம்மா கேக்க, உள்ள இருந்தவை ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு விளக்கம். ஒருத்தர் அரசியல் எண்டார். ஒருத்தர் சாதி எண்டார். ஒருத்தி 'கொடையாளர் முன்னுரிமை' எண்டாள், அதுக்கு அர்த்தம் கடவுளுக்குத்தான் வெளிச்சம். கடைசியா சுதாகரன் எழும்பி ஒரு மஞ்சள் கடதாசி ஒட்டினான்: 'பாதை வசதியின்மை.' எல்லாரும் தலையாட்டினம். ஓமோம், பாதைதான், பாதைதான்.

பிள்ளை, அவன் இந்தப் பக்கம் தலை வச்சும் படுக்காதவன். அவனுக்கு எப்பிடித் தெரியும் பாதை? நான் எழுதினதைப் பாத்து எழுதினவன். ஒவ்வொரு பயணத்துக்கும் முதல் ஒரு படிவம் நிரப்பவேணும். ஆர் போறது, எங்க போறது, எத்தினை மணிக்கு. கடைசியில ஒரு சின்னப் பெட்டி: பாதை நிலை. அதைச் சாரதிதான் நிரப்பவேணும், வேற ஆரும் தொடேலாது. கொன்றைமடுவுக்கு நேர நான்தான் எழுதுறனான்: 'சரியில்லை.' பதினொரு வருசமா ஒரே சொல்லு, ஒரே கையெழுத்து. வாறது போறது எத்தினை வெள்ளைக்காரர். ஒருத்தர் போகேக்க மற்றவருக்குக் கையளிக்கிற பத்திரத்தில எழுதிப்போட்டுப் போவினம், 'கொன்றைமடு, பாதை இல்லை' எண்டு. என்ர சொல்லை எடுத்தாங்கள், பேரைப் போட்டாங்களோ? இல்லை. அதுதான் சொல்லுறன், இந்த நாட்டில சாரதியின்ர கதையை ஒருத்தரும் கேக்கிறேல்லை.

கம்பியைப் பிடியுங்கோ. இனித்தான் வரும். இல்லை, இது பாலம். போன வருசம் போட்டதாக்கும். அதுக்கு முதலும் பாலம் இருந்ததோ? ஓ.

ஏன் அப்பிடி எழுதினனான் எண்டோ? சொல்லுறன். ஒளிக்க என்ன கிடக்கு.

கொன்றைமடுவில எனக்கு ஒரு தங்கச்சி இருக்கிறாள். தவமலர். ஒரே தங்கச்சி. அம்மா போகேக்க என்ர கையில பிடிச்சுக் குடுத்துவிட்டுப் போனவ. நான்தான் பாத்துக் கட்டிக்குடுத்தனான், நல்ல பெடியன், தோட்டக்காரன். பதினொரு வருசத்துக்கு முதல் என்ர மூத்தவள் பெரியபிள்ளையாகி, அவளுக்குச் சாமத்தியவீடு. ஐப்பசி மாசம். மாமிக்காரிதானே முதல் குடம் தண்ணி வாக்கவேணும்? பத்து மணிக்குச் சுபநேரம். பந்தல், வீடியோக்காரன், என்ர ஒபிசில இருந்து ரண்டு வெள்ளைக்காரர், எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம். இவளைக் காணேல்லை. பதினொண்டு ஆச்சு. கடைசியா மனிசியின்ர சித்தி முறையான ஒருத்தியைப் பிடிச்சுத் தண்ணி வாத்து முடிச்சம். அந்தச் சித்தியை நாங்கள் அதுக்கு முதலும் கண்டதில்லை, பிறகும் கண்டதில்லை. வீடியோவில மட்டும் இருக்கிறா.

ரண்டு மணிக்கு வாறாள் தவம். முழங்கால் வரைக்கும் சேறு. தலையில பலகாரத் தட்டம், மேல பொலித்தீன் சுத்திக் கிடக்கு. வந்து நிண்டு மூச்சு வாங்கிக்கொண்டு, 'றோட்டு சரியில்லை அண்ணை' எண்டாள். வெள்ளம் அறுத்துப்போட்டுதாம். எனக்கு வந்ததே ஒரு கோவம்! அத்தினை பேருக்கு முன்னால, 'சாரதிக்கு றோட்டுக் கதை சொல்லுறியோ? வர மனம் இல்லாததுக்கு றோட்டைச் சாட்டாதை' எண்டு கத்திப்போட்டன். அவள் தட்டத்தை இறக்கி வச்சாள். பிள்ளைக்கு நெத்தியில திருநீறு பூசினாள். ஒரு முடறு தண்ணிகூடக் குடிக்காமல் திரும்பி நடந்து போட்டாள். வீம்பு பிள்ளை. எங்கட குடும்பத்தில அவளுக்கு மட்டும்தான் அந்த வீம்பு. நானெண்டால் இப்பிடிப் பதினொரு வருசம் ஒரு விசயத்தைப் பிடிச்சுக்கொண்டு நிப்பனே?

அடுத்த கிழமை ஒபிசில, கொன்றைமடுவுக்குக் கிணறு பாக்கப் போகவேணும் எண்டினம். படிவத்தை நீட்டினம். பாதை நிலை எண்டு கிடக்கு. எனக்கு என்ன தோன்றியிருக்கும் சொல்லுங்கோ. நீதானேடி தவம் சொன்னனி, சரியில்லை எண்டு. சரி, சரியில்லாமலே இருக்கட்டும். ஒரு பகிடிக்குத்தான் எழுதினனான். அந்த மாசத்துக்கு மட்டும் எண்டு நினைச்சனான். பிறகு மாத்தி எழுதினால், அப்ப ஏன் அப்பிடி எழுதினனி எண்டு கேப்பாங்களோ எண்டு விட்டுப்போட்டன்.

ஒரே ஒரு தரம் ஒரு பிரெஞ்சுக்காரன், பிலிப் எண்டு, நான் பாத்தே ஆகுவன் எண்டு ஒற்றைக் காலில நிண்டவன். சரி வா எண்டு கூட்டிக்கொண்டு போனன். குளக்கட்டால போனால் கிட்ட எண்டு நினைச்சுத் திருப்பினன். கோதாரியில போன குளக்கட்டு, வாகனம் அச்சு வரைக்கும் தாண்டு போச்சு. பின்னேரம் உழவு இயந்திரம் வந்துதான் இழுத்து எடுத்தது. பிலிப் ஒரு சப்பாத்தோட வீட்டை போனவன். வேணுமெண்டு செய்யேல்லை பிள்ளை, அம்மாளாச்சி சத்தியமா. குளக்கட்டால ஏன் போனனான் எண்டு மட்டும் கேக்காதேங்கோ.

இஞ்ச, அந்தக் கொண்டக்டர் தம்பி ஏன் பாட்டை நிப்பாட்டிப்போட்டான்? நல்ல பாட்டு. சரி விடுங்கோ, எனக்குக் கத்திக் கதைக்கத் தேவையில்லை.

அவள் கடிதம் போட்டவள். எனக்கில்லை, ஒபிசுக்கு. மாதர் சங்கத் தலைவியாம். ஒன்பது கடிதம். கச்சேரியில இருந்து தபால் எடுத்துக்கொண்டு வாறது நான்தானே. உறையைக் கண்ட உடன தெரியும், அவளின்ர 'த'வுக்கு வால் நீளம், சின்னனில நான்தான் சிலேற்றில கை பிடிச்சு எழுதப் பழக்கினனான். நான் ஒண்டையும் கிழிக்கேல்லை, ஒளிக்கேல்லை. எல்லாத்தையும் ஒழுங்கா மேசையில வச்சனான். வைக்கிறதுக்கு முதல் வாகனத்தை ஒரு மரத்தடியில நிப்பாட்டி, அந்தக் கையெழுத்தைப் பாத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பன். அவ்வளவுதான். அவளைக் காணவேணும்போல இருக்கும். பிறகு எடுத்துக்கொண்டு போவன். ஒபிசில இருந்து ஒவ்வொரு கடிதத்துக்கும் மறுமொழி போனது, 'பாதை சீரானதும் ஆவன செய்யப்படும்' எண்டு. அந்தத் தபாலைக் கொண்டுபோய்ப் போட்டதும் நான்தான்.

என்ன பிள்ளை, முகத்தை அங்கால திருப்புறியள்? வெயிலோ?

கதைக்கு வாறன். கூட்டம் முடிஞ்ச பின்னேரம் இங்றிட் அம்மாவை விடுதிக்கு ஏத்திக்கொண்டு போறன். வழியில அவ சொல்லுறா, 'பரஞ்சோதி, எல்லாரையும் கேட்டிட்டன், உம்மைத்தான் கேக்கேல்லை, சொல்லும்.' பதினாலு வருசத்தில முதல் தரம் ஒரு ஆள் என்னைக் கேக்குது! வாயைத் திறந்தன் பாருங்கோ, முக்கால் மணித்தியாலம் மூடேல்லை. சீற்று கிழிஞ்ச கதை, ஏசி வேலை செய்யாத கதை, சாரதிமாருக்குப் படுக்க இடம் தராத கதை, பாசலில முட்டை இல்லாத கதை, எல்லாம் எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசில கொட்டினன். எல்லாத்தையும் அவ எழுதினா. முடிவில கேட்டா, கொன்றைமடு றோட்டு எப்பிடி எண்டு. 'நோ குட், மடம்' எண்டன். வாயில தானா வந்திட்டுது. பழக்க தோசம்.

அவ சிரிச்சா. அடுத்த நாள் காலமை விடுதிக்குப் போறன், ஆளில்லை. எங்க எண்டால், பஸ் ஸ்ராண்டில. இதே பஸ்! ஆறடி வெள்ளைக்காரி, ரண்டாம் சீற்றில மடிஞ்சு இருந்து கொன்றைமடுவுக்குப் போயிருக்கிறா. இந்த பஸ் ஒரு நாளைக்கு ரண்டு தரம் ஓடுதாம். எட்டு வருசமா ஓடுதாம். எனக்கு ஆர் சொன்னது? என்.ஜி.ஓச் சாரதி பஸ்ஸில போவானே?

மத்தியானம் திரும்பி வந்தா. கையில ஒரு போத்தல் தண்ணி. எல்லாரையும் கூப்பிட்டு இருத்தினா, என்னையும் கூப்பிட்டா, அண்டைக்குத்தான் எனக்குக் கதிரை கிடைச்சது. ஆளுக்கு அரைக் கிளாஸ் வாத்து, குடியுங்கோ எண்டா. சுதாகரன் பூச்சாடிக்குள்ள துப்பினான். சவர் பிள்ளை, தனிச் சவர். கடல் தண்ணிக்கு ஒரு படி குறைவு. நான் துப்பேல்லை. எல்லாரும் என்னைப் பாத்துக்கொண்டு இருக்கினம், எப்பிடித் துப்புறது? விழுங்கினன். விழுங்கேக்க ஐப்பசி மாசம் ஒரு முடறு தண்ணி குடிக்காமல் போனவளின்ர முகம் வந்தது. பிறகு ஒபிஸ் மூடேக்க, கிணறு வெட்டாத நிறுவனம் மூடினாப்போல என்ன குடியா முழுகிப்போச்சு எண்டு மனசைத் தேத்தினன்.

அறிக்கையில என்ன எழுதினவ தெரியுமே? சுதாகரன் வாசிச்சுச் சொன்னவன். 'இந்த நிறுவனம் பதினொரு வருசமாக ஒரேயொரு உள்ளூர்ப் பணியாளரின் கருத்தை மட்டும் முழுமையாகச் செவிமடுத்திருக்கிறது. அவர் ஒரு சாரதி.' அதை நல்லதெண்டு எழுதினாவோ கூடாதெண்டு எழுதினாவோ, எனக்கு இன்னும் பிடிபடேல்லை. பணியாளர் எண்டு போட்டாவே, அது போதும்.

கிணறோ? எங்க கிணறு. அறிக்கை அச்சடிச்ச கையோட புரொஜெக்ட் முடிஞ்சுது. அடுத்த கட்டத்தில கொன்றைமடுவுக்கு முதலிடம் எண்டு எழுதிக் கிடக்காம். அடுத்த கட்டம் இல்லை. மூடேக்க ஒபிஸ் சாமானைச் சீட்டுக் குலுக்கிக் குடுத்தவை. சுதாகரனுக்குச் சுழல் கதிரை. எனக்கு இந்த வடிகட்டி. என்ர வீட்டில நல்ல தண்ணி, எனக்கேன் இது? அதுதான் தவத்துக்குக் கொண்டு போறன். பதினொரு வருசத்துக்குப் பிறகு வெறுங்கையோட போகேலுமே?

என்ன சொல்லுறியள்? சவரை இது எடுக்காதோ? உப்பு உப்பாத்தான் வருமோ? ஓ. நீங்கள் வச்சுப் பாத்தனீங்களோ? ஓ.

அப்ப கார்டை மட்டும் குடுப்பம். மூத்தவளுக்கு வைகாசியில கலியாணம் பிள்ளை, அதுக்குத்தான் இந்தப் பயணம். அவள் ஒரே பிடியா நிக்கிறாள். 'எனக்குத் தவம் மாமி ஆலத்தி எடுக்கவேணும், வீடியோவில வாற அந்நியப் பொம்பிளை வேண்டாம், மாமி வராட்டில் எனக்குத் தாலியும் வேண்டாம்' எண்டு. நான் போன் எடுத்தன், தவம் எடுக்கேல்லை. அப்ப நேர போய்க் காலில விழுறதே? நான் மூத்தவன். என்ன சொல்லிக் கூப்பிடுறது எண்டு ஒரு கிழமையா யோசிக்கிறன், வசனம் வருகுதில்லை. நீங்கள் படிச்ச பிள்ளை, ஒரு நல்ல வசனம் சொல்லுங்கோவன்.

கவனம், இனித்தான் வரும்! ஏன் நிப்பாட்டுறான்? கொன்றைமடுவோ? வந்திட்டமோ? அப்ப அந்த மோசமான இடம் எங்க போச்சு?

என்ன, ஒருத்தரும் இறங்குகினமில்லை? ஏன் பிள்ளை எல்லாரும் திரும்பி என்னைப் பாக்கினம்? எல்லாற்ர காலடியிலயும் கான். முழுப் பேரும் கொன்றைமடுவோ? அப்ப முழுப் பேரும் கேட்டுக்கொண்டே வந்தவை?

முன் சீற்றில அந்த நரைச்ச தலை அம்மா எழும்புறா. அவவின்ர ரண்டு கானையும் ஸ்ராண்டில நான்தான் பின்னால நிண்டு தூக்கி ஏத்திவிட்டனான். ஒரு நன்றி சொல்லேல்லை, திரும்பியும் பாக்கேல்லை. என்ன சனம் எண்டு நினைச்சனான்.

தவம்?

நீயே அது? எப்பயடி உனக்குத் தலை நரைச்சது? ஏன் ஒரு சொல்லுச் சொல்லேல்லை? துவக்கத்தில இருந்து கேட்டுக்கொண்டே இருந்தனி?

என்ன? எஞ்சின் இரையுது, உரத்துச் சொல்லு.

றோட்டு எப்பிடி அண்ணை எண்டோ கேக்கிறாய்?

நல்லாக் கிடக்கு தவம். நல்ல றோட்டு. ஒரு குலுக்கும் இல்லை. முதலும் நல்ல றோட்டுத்தான். உனக்கு அண்டைக்கு மட்டும்தான் வெள்ளம் அதை அறுத்தது.

நில்லு, இறங்காதை, கானைத் தொடாதை. தம்பி கொண்டக்டர், மணி அடிச்சுப்போடாதையும், நாங்கள் இறங்கவேணும். பிள்ளை, இந்தப் பெட்டியை ஒருக்காப் பிடிச்சுக்கொள்ளுங்கோ, விழுந்தாலும் பரவாயில்லை. எனக்கு ரண்டு கையும் வேணும்.